300 எம்பிபிஎஸ் இணைய வேகம் என்று பணம் வாங்கி 100-க்குக் கட்டிய முகவர்

கும்பகோணம் பக்கம் வீட்டுக்கே வந்து ஃபைபர் இணைப்பு விற்கும் முகவரிடம் ஓராண்டுப் பணத்தை மொத்தமாகக் கொடுத்திருப்பவர்கள், இதைப் படித்த கையோடு உங்கள் இணைய நிறுவனக் கணக்கைத் திறந்து, அதில் எந்தத் திட்டம் பதிவாகியிருக்கிறது என்று பார்த்துவிடுங்கள். என் பெரியப்பாவிடம் 300 எம்பிபிஎஸ், அதாவது நொடிக்கு 300 மெகாபிட் வேகம், என்று சொல்லிப் பணம் வாங்கியவர், நிறுவனத்தில் 100 எம்பிபிஎஸ் திட்டத்துக்குத்தான் மாதாமாதம் கட்டிவந்திருக்கிறார். இந்த மோசடி பல மாதங்கள் வெளியே தெரியாமல் இருந்ததற்குக் காரணம், வீட்டில் மாட்டிய ரவுட்டர் பெட்டி 100-க்கு மேல் கொடுக்கவே முடியாத பெட்டி. கணக்கில் செய்த திருட்டைப் பெட்டி மறைத்தது. பெட்டியின் குறையை வீட்டுச் சுவர் மறைத்தது.

நுகர்வோர் ஆணையத்தில் போட்ட மனு நிலுவையில் இருப்பதால் நிறுவனத்தின் பெயரையும் முகவரின் பெயரையும் எழுதவில்லை. நடந்ததை மட்டும் ஒன்று விடாமல் எழுதுகிறேன்.

பெரியப்பா ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். வீடு மகாமகக் குளத்துக்குப் பக்கத்துத் தெருவில். திண்ணை, ரேழி, கூடம், முற்றம், அடுக்களை, கொல்லை என்று ரயில் பெட்டி போல நீண்டு போகும் பழைய வீடு. சுவரெல்லாம் ஒன்றரை அடி கனத்தில் செங்கல்லும் சுண்ணாம்பும். பெரியப்பாவும் பெரியம்மாவும் இருக்கிறார்கள். சென்னை நிறுவனம் ஒன்றுக்கு வீட்டிலிருந்தே வேலை பார்க்கும் தங்கையும் உடன் இருக்கிறாள். இந்த மூன்று பேருக்கு 300 எம்பிபிஎஸ் எதற்கு என்பதுதான் என் முதல் கேள்வி. 4கே தரத்தில் ஒரு படம் ஓட 15 முதல் 25 எம்பிபிஎஸ் போதும். வீடியோ அழைப்புக்கு அதில் கால்வாசி கூட வேண்டாம். நேர்மையாக வந்து சேரும் 50 எம்பிபிஎஸ் இருந்தால் இந்த வீடு நிம்மதியாக இருந்திருக்கும். வயதானவர்களிடம் பெரிய எண்ணைக் காட்டி விற்பதே எனக்கு உறுத்துகிறது. சொன்ன எண்ணையும் கொடுக்காமல் விட்டது அதற்கு மேல்.

முகவர் கொண்டுவந்த துண்டறிக்கையில் மாதம் 999 ரூபாய், 300 எம்பிபிஎஸ், அளவில்லாப் பயன்பாடு, ரவுட்டர் இலவசம் என்று இருந்தது. ஆண்டுக்கு மொத்தமாகக் கட்டினால் விலை ஏறாது என்றார். 18 சதவீத ஜிஎஸ்டி தனி என்பதைப் பணம் வாங்கும்போதுதான் சொன்னார். ஆக 14,146 ரூபாய். அதற்கு மேல், இலவசம் என்று எழுதியிருந்த ரவுட்டருக்குத் திரும்பக் கிடைக்கும் வைப்புத்தொகை என்று 1,500 ரூபாய். எல்லாவற்றுக்கும் ஒரே ரசீது: முகவரின் கடைப் பெயர் போட்ட சிறிய துண்டுத்தாள், கையால் எழுதியது, கீழே கிறுக்கலாக ஒரு கையெழுத்து. ஜிஎஸ்டி வாங்கியவரின் தாளில் ஜிஎஸ்டி எண் இல்லை. அந்த எண் 15 எழுத்துகளும் இலக்கங்களும் கொண்டது. தமிழ்நாட்டில் பதிவான வணிகத்துக்கு 33 என்று தொடங்கும். அது இல்லாத தாளில் வரி என்று ஒரு தொகையை வசூலித்தால் அந்த வரி எங்கே போயிற்று என்று கேட்கும் உரிமை நமக்கு இருக்கிறது.

இணைப்பு வந்த நாளிலிருந்தே கூடத்தில் படம் நின்று நின்று ஓடியது. தங்கையின் அறை முற்றத்தைத் தாண்டி இருக்கிறது. அங்கே கூட்டத்தின் நடுவில் குரல் அறுந்துபோகும். டொரோண்டோவிலிருந்து பேரன் அழைத்தால் பெரியம்மா கைபேசியைத் தூக்கிக்கொண்டு ரேழிக்குப் போய் நிற்க வேண்டும். முகவரை அழைத்தபோதெல்லாம் ஒரே பதில்: “சுண்ணாம்புச் சுவர் ஐயா, வைஃபையில் இவ்வளவுதான் வரும்.” ஒருமுறை நேரில் வந்தவர் பெட்டியின் அட்டையை எடுத்துக் காட்டினார். அதில் 300 எம்பிபிஎஸ் என்று அச்சாகியிருந்தது. “பாருங்கள், 300 என்று போட்டிருக்கிறதா இல்லையா?” பெரியப்பா அதை நம்பினார். நம்பாமல் இருக்க அவருக்கு எந்தக் காரணமும் இல்லை.

இந்த இடத்தைக் கொஞ்சம் விளக்கியாக வேண்டும், ஏனென்றால் ஏமாற்று வேலை முழுவதும் இங்கேதான் நிற்கிறது. மலிவான ரவுட்டர் அட்டையில் இருக்கும் அந்த 300, நிறுவனம் விற்கும் 300 அல்ல. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில், இரண்டு ஆன்டெனாவோடு, பக்கத்தில் வேறு எந்த வைஃபையும் இல்லாத நிலையில் காற்றில் எட்டக்கூடிய உச்சக் கணக்கு அது. தெரு முழுக்க வீட்டுக்கு ஒரு ரவுட்டர் இருக்கும் ஊரில் அதில் ஐந்தில் ஒரு பங்கு கிடைத்தாலே பெரிது. 5 கிகாஹெர்ட்ஸும் இருக்கும் இரட்டை அலைவரிசைப் பெட்டி இல்லாமல் 300 எம்பிபிஎஸ் திட்டத்தை வைஃபையில் முழுதாகப் பெற வழியே இல்லை. இவர் மாட்டியது 2.4 மட்டும் உள்ள பெட்டி.

சுவரைப் பற்றி அவர் சொன்னது பொய்யும் அல்ல. ஒன்றரை அடிச் சுவர் இரண்டைத் தாண்டினால் எந்த அலையும் சோர்ந்துபோகும்; 5 கிகாஹெர்ட்ஸ் இன்னும் சீக்கிரம் சோரும். இத்தகைய வீட்டில் கூடத்துக்கு ஒரு கேபிள் இழுத்து அங்கே இரண்டாவது வைஃபை பெட்டி வைப்பதுதான் சரியான வழி. நேர்மையான ஆள் முதல் நாளே அதைச் சொல்லியிருப்பார். இவரோ அந்த உண்மையைத் தன் பொய்க்குக் கேடயமாக வைத்துக்கொண்டார். வைஃபையில் அளந்து பார்த்து எதையும் நிரூபிக்க முடியாது என்பது அவருக்கு நன்றாகத் தெரியும்.

பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது கேபிள் வழியே அளந்தேன். கூடத்து மேசைக் கணினிக்கு ரேழியிலிருந்து ஏற்கெனவே ஒரு கேபிள் வந்திருந்தது. விண்டோஸ் அமைப்புகளில் ஈதர்நெட் பக்கத்தில் லிங்க் ஸ்பீட் என்ற வரி இருக்கும். அதில் 100/100, அதாவது வரவும் போகவும் 100 எம்பிபிஎஸ், என்று இருந்தது. கேபிளின் முனையில் உள்ள கண்ணாடி போன்ற பிளக்கை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். எட்டுக் கம்பி இருக்க வேண்டிய இடத்தில் நான்குதான் இருந்தன: ஆரஞ்சு ஜோடியும் பச்சை ஜோடியும். நீலமும் பழுப்பும் உறைக்கு உள்ளேயே வெட்டிவிடப்பட்டிருந்தன. நான்கு கம்பியில் 100 எம்பிபிஎஸ் ஓடும்; அதற்கு மேல் போக எட்டும் வேண்டும். என் பையில் இருந்த முழுக் கேபிளை மாட்டினேன். அப்போதும் 100/100. பெட்டியைத் திருப்பி அடியில் உள்ள மாதிரி எண்ணைத் தேடிப் பார்த்ததில் விடை கிடைத்தது. அதன் கேபிள் துளைகள் 10/100 வகை, அதாவது 100 எம்பிபிஎஸ்ஸுக்கு மேல் விடாதவை. பல பெட்டிகளில் துளையருகிலேயே எஃப்இ அல்லது ஜிஇ என்று ஆங்கில எழுத்தில் போட்டிருப்பார்கள். எஃப்இ என்றால் 100, ஜிஇ என்றால் 1000. தெருவில் வரும் ஃபைபரில் குறை ஒன்றும் இல்லை. ஜிபான் என்ற ஃபைபர் முறையில் ஒரு இழை நொடிக்கு 2.4 கிகாபிட்டுக்கு மேல் கொண்டுவரும். அதை 32 அல்லது 64 வீடுகள் பங்கிட்டுக்கொள்ளும். அத்தனை தூரம் வந்த வேகம் வீட்டுக்குள் மாட்டிய கடைசிப் பெட்டியில் நெரிபட்டது.

வேகச் சோதனையில் 94 வந்தது. 100 துளையில் அதிகபட்சமாக வருவது அதுதான். ஆனால் ஒரு சந்தேகம் எழுந்தது. திட்டமே 100 ஆக இருந்தாலும் இதே 94தானே வரும்? கணக்கைப் பார்த்தால்தான் தெரியும் என்று வாடிக்கையாளர் சேவையை அழைத்தோம். பெட்டியில் ஒட்டியிருந்த வாடிக்கையாளர் எண்ணைச் சொன்னதும், பதிவான கைபேசி எண் இதுவல்லவே என்றார்கள். பெரியப்பாவின் இணைப்பு பெரியப்பாவின் பெயரில் இருந்தது. கைபேசி எண் மட்டும் முகவருடையது. பில், குறுஞ்செய்தி, கடவுச்சொல் எல்லாம் அவருக்கே போயிருக்கின்றன. ஆதார் நகலும் முகவரிச் சான்றும் கொடுத்து எண்ணை மாற்றச் சில நாட்கள் பிடித்தன. உள்ளே போய்ப் பார்த்தால் 100 எம்பிபிஎஸ் திட்டம், மாதம் 599, ஒவ்வொரு மாதமும் தனித்தனியாகக் கட்டப்பட்டிருக்கிறது. ஜிஎஸ்டி சேர்த்து ஆண்டுக்கு 8,482 ரூபாய். வாங்கியதற்கும் கட்டியதற்கும் வித்தியாசம் 5,664. வைப்புத்தொகை என்று எந்தப் பதிவும் இல்லை. அதையும் சேர்த்தால் 7,164 ரூபாய் ஒரே வீட்டிலிருந்து. மாதாமாதம் கட்டியதில் இன்னொரு விபரீதமும் இருக்கிறது: அவர் கடையை மூடிவிட்டுப் போயிருந்தால் அடுத்த மாதமே இணைப்பு நின்றிருக்கும். ஆண்டுப் பணம் கட்டியவர் கையில் துண்டுத்தாள்தான் மிஞ்சியிருக்கும்.

முகவரிடம் கேட்டபோது, நிறுவனம் திட்டத்தை மாற்றிவிட்டது என்றார். நிறுவனத்திடம் கேட்டபோது, அவர் எங்கள் ஊழியர் அல்ல, பகுதிப் பங்குதாரர், நீங்கள் அவரிடம் கொடுத்த பணத்துக்கு நாங்கள் பொறுப்பல்ல என்றார்கள். இந்தப் பதிலைக் கேட்டு யாரும் பின்வாங்க வேண்டாம். நிறுவனத்தின் சட்டை, நிறுவனத்தின் துண்டறிக்கை, நிறுவனத்தின் பெட்டியோடு வந்தவர் அவர். தனக்குக் கொடுக்கப்பட்ட வேலைக்குள் முகவர் செய்யும் மோசடி அவரை முகவராக வைத்தவரையே கட்டுப்படுத்தும் என்று 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 238-ஆம் பிரிவு சொல்கிறது. எங்கள் மனு அதன்மேல்தான் நிற்கிறது.

புகார் செய்யும் வழியில் பலர் தடுமாறுகிறார்கள். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் தனிநபர் புகார்களை விசாரிப்பதில்லை. அங்கே எழுதிக் காத்திருந்தால் காலம்தான் போகும். முதலில் நிறுவனத்தின் புகார் மையத்தில் பதிவு செய்து புகார் எண் வாங்க வேண்டும். எண் கொடுக்காமல் பேச்சிலேயே அனுப்பிவைக்கப் பார்ப்பார்கள், விடக்கூடாது. தீர்வு சரியில்லை என்றால் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரிக்கு எழுதலாம். 2012-ஆம் ஆண்டு விதிகளின்படி அதற்குக் கட்டணம் கிடையாது, 39 நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இலும் பதிவு செய்தோம். மேல்முறையீட்டுக்குப் பிறகு நிறுவனம் இறங்கிவந்து, இரட்டை அலைவரிசைப் பெட்டி மாட்டி, திட்டத்தை 300 ஆக உயர்த்தியது. கேபிளில் இப்போது முழு வேகமும் வருகிறது. பணத்தைப் பற்றி மட்டும் வாய் திறக்கவில்லை. ஆகவே தஞ்சாவூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு போட்டிருக்கிறோம். ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்கு அங்கே கட்டணம் இல்லை. வழக்கறிஞர் வைத்தாக வேண்டும் என்பதும் இல்லை.

இடையில் மழைக்காலத்தில் இழை அறுந்து பெட்டியில் சிவப்பு விளக்கு எரிந்து, ஒரு வாரத்துக்கு மேல் இணைப்பே இல்லை. அதற்கும் கட்டணக் கழிவு கேட்டிருக்கிறோம். மூன்று வேலை நாட்களுக்கு மேல் பழுது நீடித்தால் ஏழு நாள் கட்டணமும், ஏழு வேலை நாட்களைத் தாண்டினால் பதினைந்து நாள் கட்டணமும் கழிக்க வேண்டும் என்று டிராய் 2006-லேயே விதித்திருந்தது; 2024-இல் அந்த விதிகளுக்குப் பதிலாகப் புதிய விதிகள் வந்தன. கேட்காதவருக்கு யாரும் கழிப்பதில்லை.

புதிதாக இணைப்பு எடுக்கப் போகிறவர்களிடம் நான் கெஞ்சிக் கேட்பது: முதல் மாதத்துக்கு மட்டும் பணம் கட்டுங்கள், அதையும் நிறுவனத்தின் செயலியிலோ தளத்திலோ நீங்களே கட்டுங்கள். கைபேசி எண் உங்களுடையதாக இருக்கட்டும். விண்ணப்பத்தில் அந்தக் கட்டத்தை நீங்களே நிரப்புங்கள். பெட்டி மாட்டுகிறவர் கிளம்பும் முன், மடிக்கணினியைக் கேபிளில் இணைத்து அவர் முன்னாலேயே அளந்துவிடுங்கள். மடிக்கணினியில் துளை இல்லையென்றால் யூஎஸ்பி அடாப்டர் போதும், அது கிகாபிட் வகையாக இருக்க வேண்டும். வேகச் சோதனைத் தளங்களில் சோதனை மையம் (சர்வர்) பெரும்பாலும் அதே நிறுவனத்தின் வலைக்குள்ளேயே தேர்வாகும். எண் அழகாக வரும். வேறு நகரத்து மையம் ஒன்றையும் தேர்ந்தெடுத்துப் பாருங்கள், நெட்ஃபிளிக்ஸ் நடத்தும் ஃபாஸ்ட்.காமிலும் பாருங்கள். பதிவிறக்கத்தில் மெகாபைட்டில் காட்டினால் எட்டால் பெருக்கிக்கொள்ளுங்கள்: 300 எம்பிபிஎஸ் இணைப்பில் நொடிக்கு 37 மெகாபைட் வரை வர வேண்டும். அளவில்லாப் பயன்பாடு என்பதற்கும் அடியில் பொடி எழுத்தில் ஒரு வரம்பு இருக்கும், பல திட்டங்களில் அது மாதம் 3,300 ஜிபி. சாதாரண வீட்டுக்கு அது தாராளம், அதற்காகச் சண்டை வேண்டாம்.

அதே தெருவில் இன்னும் சில வீடுகளில் அதே கையெழுத்துப் போட்ட துண்டுத்தாளைப் பார்த்தோம். இரண்டு வீடுகளில் கணக்கு இன்னமும் முகவரின் எண்ணில்தான் இருக்கிறது, மாற்ற விண்ணப்பித்திருக்கிறார்கள். மகாமகக் குளம் வட்டாரத்தில் இப்படி ஆண்டுப் பணம் கொடுத்தவர்கள், தாள் எவ்வளவு கசங்கியிருந்தாலும் எறிந்துவிடாதீர்கள். படம் எடுத்து வைத்துக்கொண்டு, பெட்டியின் அடியில் உள்ள வாடிக்கையாளர் எண்ணோடு சேவை மையத்தை அழைத்து, எந்தக் கைபேசி எண், எந்தத் திட்டம் என்று இந்த இரண்டை மட்டும் கேளுங்கள்.