சைவக்கடை ‘புளிப்பு இனிப்பு’ வீட்டிலேயே: ஐஸ்பெட்டி பாக்கெட் தேறுமா?

மலேசியாவில் எங்கள் சுங்கை சிப்புட்டில் புரட்டாசி வந்துவிட்டால் சீனச் சைவக்கடைப் பக்கம் நம் ஆட்களும் வரிசை கட்டுவார்கள். சீனர்கள் சைவம் சாப்பிட்டுக் கொண்டாடும் ஒன்பது பேரரசர் விழாவும் பெரும்பாலும் நவராத்திரியை ஒட்டியே வரும், 2024இல் இரண்டும் அக்டோபர் 3ஆம் தேதியே தொடங்கின. கடைகளில் மஞ்சள் கொடி தொங்கும், கூட்டம் தாங்காது. அங்கே எனக்குப் பிடித்தது புளிப்பு இனிப்புப் ‘பன்றி’. பெயர்தான் பன்றி, உள்ளே இருப்பது கோதுமைப் பசையும் சோயாவும். அதையே வீட்டில் செய்யலாம் என்று சூப்பர்மார்க்கெட்டில் உறைய வைத்து விற்கிற பாக்கெட்டை வாங்கினேன்.

துண்டுகள் நன்றாகவே இருக்கின்றன, மெல்லும்போது நார் பிரிகிறது. ஆனால் கூடவே வருகிற சாஸ் பொட்டலம் வெறும் சீனித்தண்ணி, அதைத் தூக்கிப் போடுங்கள்.

முக்கியமான வேலை தண்ணீரை எடுப்பது. பனி விட்டதும் ஒரு துண்டை உள்ளங்கையில் வைத்து அழுத்திப் பாருங்கள், பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்ச் மாதிரி தண்ணீர் வடியும். அதைப் பிழியாமல் குவாலியில் (வாணலியில்) போட்டால் எண்ணெய் முகத்தில் தெறிக்கும், துண்டும் உள்ளே சவசவ என்றுதான் இருக்கும். பிழிந்த பிறகு கொஞ்சம் கிச்சாப் (சோயா சாஸ்), வெள்ளை மிளகுத்தூள், ஒரு சிட்டிகை ஐந்து மசாலாத் தூள், மேலே சோள மாவு. ஒரு தடவை பொரித்து எடுத்து, எண்ணெயை இன்னும் சூடாக்கி மறுபடி ஒரு நிமிடம் போட்டால் கடையில் வருகிற அந்த மொறுமொறுப்பு வந்துவிடும்.

சாஸுக்குத் தக்காளி சாஸ், பிளம் சாஸ், வினிகர், சீனி, இஞ்சி, அப்புறம் அன்னாசி, வெள்ளரிக்காய். வெங்காயமும் பூண்டும் வேண்டவே வேண்டாம்! சீனப் பௌத்தச் சைவத்தில் இரண்டையும் சேர்ப்பதில்லை, சேர்த்தால் ருசி நம் வீட்டுப் பிரட்டல் பக்கம் போய்விடுகிறது. இறக்கும்போது விடுகிற எண்ணெய் சீனக்கடையில் கிடைக்கும் வறுத்த எள்ளெண்ணெயாக இருக்கட்டும், நம் நல்லெண்ணெயில் அந்த வாசம் வராது.

விரதக்காரர்கள் லேபிளைப் படித்துவிட்டு வாங்குங்கள். முன்பக்கம் சைவம் என்று பெரிதாகப் போட்டிருந்தாலும் பின்னால் பொடி எழுத்தில் ‘பூத்தே தெலோர்’ இருக்கலாம், முட்டை வெள்ளைக்கரு. நான் வாங்கியதில் இல்லை. எங்கள் பாட்டிக்கு அதெல்லாம் பொருட்டே இல்லை, “கறி மாதிரியே இருக்கு, அப்புறம் என்னடா விரதம்?” என்று அன்னாசியை மட்டும் பொறுக்கித் தின்றார்.

கடைக்காரர் கைக்கு முக்கால்வாசி வந்துவிட்டது, மறுபடியும் வாங்குவேன். சூட்டோடு சாப்பிட்டுவிட வேண்டும், சாஸில் ஊறினால் மொறுமொறுப்பு போய்விடும். சாஸில் போடாத துண்டு மிஞ்சினால் மறுநாள் மீ கோரெங்கில் (பிரட்டிய நூடுல்ஸில்) வெட்டிப் போடுங்கள், அதற்குத் தோதுதான்.