கொழுப்பை ஊருக்குக் கொண்டுபோவதா, கப்பலிலேயே உருக்குவதா?

18-ஆம் நூற்றாண்டில் கிரீன்லாந்து பக்கம் திமிங்கல வேட்டைக்குப் போன ஆங்கிலேயக் கப்பல்கள் வசந்தத்தில் கிளம்பி, கோடையோடு திரும்பிவிடும். திமிங்கலக் கொழுப்பைத் துண்டு போட்டுப் பீப்பாயில் அடைத்து, ஊர் வந்துதான் உருக்கினார்கள். லண்டனில் கிரீன்லாந்து டாக் என்ற கப்பல்துறை ஓரம் இதற்கென்றே கொதிகூடங்கள் இருந்தன. கப்பலில் நெருப்பு வேலை கிடையாது. ஒரு பருவ ஓட்டத்துக்கு இதுவே மேல். ஆனால் பனிக்கடலில் கெடாத கொழுப்பு, திரும்பும் வழியில் வெப்பம் ஏற ஏற அழுகும். எண்ணெய் பழுப்பேறும், நாற்றம் குடலைப் புரட்டும்.

தென்கடல் வேட்டைக்கு இது உதவாது. 1788-இல் லண்டனை விட்ட 'எமிலியா' என்ற வேட்டைக் கப்பல் பசிபிக் போய்த் திரும்ப 1790 ஆயிற்று. அவ்வளவு நாள் பச்சைக் கொழுப்பு தாங்குமா? ஆகவே மேல்தளத்திலேயே செங்கல் அடுப்பு, அதில் பெரிய இரும்புக் கொப்பரைகள். அடுப்புக்கும் தளப் பலகைக்கும் நடுவே தண்ணீர்த் தொட்டி; அது வற்றினால் பலகை பற்றிக்கொள்ளும். தோலோடு ஒட்டியிருக்கும்படி கொழுப்பை ஏடு ஏடாகக் கீறிப் போட்டால் சீக்கிரம் உருகும். முதலில் விறகு, பிறகு எண்ணெய் வடிந்த சக்கையே எரிபொருள். நடுக்கடலில் விறகுக்கு எங்கே போவது!

கொப்பரையில் தண்ணீர் பட்டால் எண்ணெய் பொங்கி நெருப்பில் வழியும். சூட்டோடு பீப்பாயில் ஊற்றினால் பலகை சுருங்கி ஒழுகும், ஆறவைத்தே நிரப்பினார்கள். அதன்பின்னும் கிடங்கில் பீப்பாய்கள் காயாதபடி அவ்வப்போது கடல்நீர் விட்டு நனைத்தார்கள்.