என்.எல்.பி. பயிற்சியில் கடைசிவரை கைகொடுத்தது எது?

என்.எல்.பி. என்பது நியூரோ லிங்குவிஸ்டிக் புரோகிராமிங், பேச்சையும் சிந்தனையையும் கவனித்து மாற்றிக்கொள்ளப் பழக்குவதாகச் சொல்லும் ஒரு முறை. அதில் பிராக்டிஷனர் என்ற சான்றிதழ்ப் பயிற்சிக்குப் பணம் கட்டலாமா என்று தெரிந்தவர்கள் மூலம் யாராவது ஒருவர் அவ்வப்போது என்னை அழைத்துக் கேட்கிறார்கள். கோவையில் பம்பு செட் தயாரிக்கும் தொழிற்சாலை ஒன்றில் தரக் கட்டுப்பாட்டைக் கவனிக்கிறவன் நான். இந்தப் பயிற்சியை விற்பவனும் அல்ல, வெறுப்பவனும் அல்ல. படித்து முடித்துச் சில ஆண்டுகள் ஓடிவிட்டதால், கொடுத்த காசுக்குத் தேறியது எது, தேறாதது எது என்று இப்போது சொல்ல முடியும்.

1970களில் கலிபோர்னியாவின் சாண்டா குரூஸ் பல்கலைக்கழகத்தில் மாணவராக இருந்த ரிச்சர்ட் பேண்ட்லரும், அங்கே மொழியியல் கற்பித்த ஜான் கிரிண்டரும் சேர்ந்து உருவாக்கியது இது. ஃபிரிட்ஸ் பெர்ல்ஸ், வர்ஜீனியா சட்டீர், மில்டன் எரிக்சன் ஆகிய மூன்று சிகிச்சையாளர்கள் தங்களிடம் வருகிறவர்களிடம் எப்படிப் பேசினார்கள், என்ன கேட்டார்கள் என்பதைக் கவனித்து முறைப்படுத்தினார்கள். பிற்பாடு உரிமை யாருக்கு என்று வழக்குவரை போனது. இன்று அந்தப் பெயர் யாருடைய தனிச் சொத்தும் இல்லை. சான்றிதழ் கொடுக்க யாரிடமும் அனுமதி வாங்க வேண்டியதில்லை. ஒரு வார இறுதியிலேயே பிராக்டிஷனர் ஆக்கி அனுப்புகிறவர்களும் உண்டு, நூறு மணி நேரத்துக்கு மேல் உட்கார வைத்துப் பழக்குகிறவர்களும் உண்டு. சான்றிதழின் தங்க முத்திரை இரண்டிலும் ஒரே மாதிரிதான் பளபளக்கும்.

தேறாதவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். கண் எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்துப் பொய்யைக் கண்டுபிடிக்கலாம் என்பார்கள். உளவியலாளர் ரிச்சர்ட் வைஸ்மன் குழுவினர் 2012இல் அதைச் சோதித்துப் பார்த்து, அப்படி ஒரு தொடர்பே இல்லை என்று வெளியிட்டார்கள். இவர் பார்த்துக் கற்பவர், அவர் கேட்டுக் கற்பவர் என்று ஆட்களைப் பிரித்து வைக்கும் பாடமும் ஆய்வுகளில் நிற்கவில்லை. பேச்சில் சொற்களுக்கு 7 சதவீதம்தான் மதிப்பு என்று திரையில் ஒரு வட்டப்படம் கட்டாயம் வரும். அது உளவியலாளர் ஆல்பர்ட் மெஹ்ராபியன் 1960களில் செய்த சோதனைகளில் இருந்து பிய்த்தெடுத்தது. உணர்ச்சியும் சொல்லும் முரண்படும் நேரத்தைப் பற்றியது அவருடைய கணக்கு. எல்லாப் பேச்சுக்கும் பொருந்தாது என்று அவரே சொல்லியிருக்கிறார். இந்த மூன்றுக்கும் வகுப்பில் கைதட்டல் அதிகம்.

எனக்குக் கைகொடுத்தது மெட்டா மாடல் என்ற கேள்வி முறை. யாராவது பேசும்போது எதை விட்டுவிடுகிறார், எதைப் பொதுமைப்படுத்துகிறார் என்று காதைத் தீட்டிக்கொண்டு, அந்த இடத்தில் மட்டும் கேட்பது. எங்கள் மூத்த மெஷினிஸ்ட் ஒருவர், "ஃபவுண்டரி காஸ்டிங்கில் எப்போதும் ப்ளோ ஹோல்தான் சார்" என்று புலம்பிக்கொண்டே இருப்பார். வார்ப்பாலையில் இருந்து வரும் வார்ப்புகளில் காற்றுக் குழி விழுவதைத்தான் சொல்கிறார். முன்பு நான் ஆறுதல் சொல்வேன், இல்லையென்றால் ஃபவுண்டரிக்காரரிடம் சத்தம் போடுவேன். பயிற்சிக்குப் பிறகு ஒருநாள், "எப்போதுமா அண்ணா? நன்றாக வந்த லாட் எதுவும் ஞாபகம் இருக்கிறதா?" என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்தவர், "வாரக் கடைசியில் வருவது பரவாயில்லை. செவ்வாய்க்கிழமை வண்டிதான் மோசம்" என்றார். செவ்வாய் வண்டியில் வருவது திங்களன்று ஊற்றிய சரக்கு. விசாரித்தபோது, சனிக்கிழமை செய்து வைத்த கோர் (வார்ப்புக்குள் வெற்றிடம் விட வைக்கும் மணல் அச்சு) ஞாயிறு முழுக்கச் சும்மா கிடந்து ஈரம் இழுத்திருப்பது தெரிந்தது. ஊற்றும்முன் கோரைச் சூடேற்றி எடுக்கச் சொன்னோம், புலம்பல் குறைந்தது.

ஐந்து முறை 'ஏன்' கேட்கும் டொயோட்டா வழக்கம் எங்கள் தொழிற்சாலையில் ஏற்கெனவே இருந்ததுதானே என்று கேட்கலாம். இருந்தது. ஆனால் ஏன் என்றதும் ஆள் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளப் பதில் தேடுகிறார். எது, எப்போது, யார் என்று கேட்டால் நடந்ததைச் சொல்கிறார். இந்த வித்தியாசத்தை எனக்குக் காட்டியது அந்த வகுப்பு.

வீட்டிலும் பலன் உண்டு. "எனக்குக் கணக்கே வராது" என்ற மகளிடம் எந்தக் கணக்கு என்று கேட்டதில், பின்னம் வகுப்பதில் மட்டும்தான் சிக்கல் என்று தெரிந்தது. மனைவியிடம் அதே வித்தையைக் காட்டினால், "விசாரணைக் கமிஷனை ஆபீசோடு வைத்துக்கொள்ளுங்கள்" என்று பதில் வரும். நியாயம்தான். எதிரில் இருப்பவர் சொல்வதை முழுதாகக் கேட்டு முடிக்காமல் இந்தக் கேள்விகளைப் போட்டால் குறுக்கு விசாரணையாகத்தான் இருக்கும்.

ஆங்கரிங் பற்றியும் கேட்பார்கள். தைரியமாக இருந்த ஒரு நேரத்தை நினைவுக்குக் கொண்டுவந்து, கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்து அழுத்திப் பழகுவது. வாடிக்கையாளர் தணிக்கைக்கு வரும் நாளில் எனக்கு இது படபடப்பைக் குறைக்கிறது. மூச்சை நிதானமாக இழுத்து விட்டாலும் அதே அளவு குறையும் என்பது என் அபிப்பிராயம். மனச்சோர்வு, தூக்கமின்மை, பீதித் தாக்குதல் உள்ளவர்கள் போக வேண்டியது மனநல மருத்துவரிடம். பிராக்டிஷனர் என்பது மருத்துவத் தகுதி அல்ல.

நான் படித்த இடத்தில் கடைசி நாள் மாலை, மாஸ்டர் பிராக்டிஷனர் கட்டணத்துக்கு "இன்று இரவு வரை மட்டும்" தள்ளுபடி அறிவித்தார்கள். அதுவரை கற்றுத்தந்த கேள்விகளை அந்த விளம்பரத்தின் மீதே போட்டுப் பார்த்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன். அதன்பின் மேல்நிலைக்குப் போகத் தோன்றவில்லை.

சேர நினைப்பவர்கள் பயிற்சியாளரின் மேடைப் பேச்சைப் பார்த்து முடிவெடுக்க வேண்டாம். மொத்த நேரத்தில் பாடம் எவ்வளவு, ஆளுக்கு ஆள் உட்கார்ந்து பழகுவது எவ்வளவு என்று கேளுங்கள். பழகும்போது பக்கத்தில் நின்று திருத்த ஆள் உண்டா, ஒரு வகுப்பில் எத்தனை பேர் என்றும் கேளுங்கள். நூறு பேரை அரங்கில் உட்கார வைத்துப் பாட்டுப் போட்டு ஆட வைக்கும் இடத்தில் உற்சாகம் கிடைக்கும், திருத்தம் கிடைக்காது. பாடம் ஆங்கிலத்தில் நடந்தாலும் பயிற்சியைத் தமிழில் செய்ய விடுகிறார்களா என்பது மிக முக்கியம். நம் வீட்டிலும் பட்டறையிலும் குறைகள் தமிழில்தான் வந்து விழுகின்றன. "சொல்லிவிட்டார்கள்" என்று யார் என்றே இல்லாமல் முடியும் வாக்கியத்தைப் பிடிக்கத் தமிழில்தான் பழக வேண்டும். எங்கள் வகுப்பில் இருந்து நாலைந்து பேர் இன்னமும் மாதம் ஒருமுறை காந்திபுரத்தில் கூடிப் பழகுகிறோம், காபிச் செலவைத் தவிர வேறு கட்டணம் கிடையாது.