மாதச் சந்தா பாய்லர் கவரா, தெரிந்த கேஸ் எஞ்சினியரா?

மாதாமாதம் வங்கிக் கணக்கிலிருந்து போய்க்கொண்டிருந்த பாய்லர் கவரை, அதாவது வீட்டுக்குச் சூடும் சுடுதண்ணீரும் தரும் பாய்லர் பழுதானால் வந்து பார்க்கும் சந்தாவை, 2020 பிப்ரவரியில் நிறுத்தினேன். லண்டன் ஹாரோவில் வீடு வாங்கிய 2014-லிருந்து கட்டி வந்தது. தொடங்கும்போது மாதம் 16 பவுண்டு, நிறுத்தும்போது 24. கூட்டிப் பார்த்தால் 1,400 பவுண்டுக்குக் குறையாது. நான் எந்தப் பக்கம் சாய்கிறேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாய்லர் தயாரிப்பாளரின் வாரண்டி உயிரோடு இருக்கும்வரை தனியாகக் கவர் தேவையில்லை. ‘கேஸ் சேஃப்’ பதிவேட்டில் உள்ள நல்ல எஞ்சினியர் ஒருவரைத் தேடிப் பிடித்து வைத்துக்கொண்டால் போதும்.

வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கு இந்தத் தலைவலியே இல்லை. ஹீட்டிங்கும் சுடுதண்ணீரும் ஓடும்படி வைத்திருப்பது இங்கே 1985-ம் ஆண்டுச் சட்டப்படி வீட்டுக்காரர் பொறுப்பு. வருடாந்திர கேஸ் பாதுகாப்புச் சோதனையும் அவர் செலவுதான். அதேபோல, கேஸ் வாடை வந்தால் எந்தக் கவரையும் தேட வேண்டாம். 0800 111 999 என்ற கேஸ் அவசர எண்ணைக் கூப்பிட்டால் இலவசமாக வந்து கசிவை நிறுத்துவார்கள். பாய்லரைப் பழுது பார்ப்பது அவர்கள் வேலையில்லை, அவ்வளவுதான்.

சொந்த வீட்டுக்காரர்களுக்கு மூன்று வழிகள். பிரிட்டிஷ் கேஸின் ஹோம்கேர், ஹோம்சர்வ் போன்ற மாதச் சந்தா பிளான்கள் ஒன்று. வீட்டு இன்ஷூரன்ஸோடு கொஞ்சம் கூடக் கட்டி வாங்கும் ‘ஹோம் எமர்ஜென்சி’ இரண்டாவது. தயாரிப்பாளர் வாரண்டியும் உள்ளூர் எஞ்சினியரும் மூன்றாவது.

இரண்டாவதை நான் வாங்கிப் பார்த்ததில்லை, விதிமுறைகளைப் படித்ததோடு சரி. நான் படித்தவற்றில் வருடாந்திர சர்வீஸ் கிடையாது. ஒரு சம்பவத்துக்கு இவ்வளவு என்று உச்சவரம்பு இருந்தது. வயதான பாய்லரை ஓரங்கட்டும் வரி ஒன்று எங்காவது ஒளிந்திருந்தது. குழாய் வெடித்தால், பூட்டு உடைந்தால் கைகொடுக்கும் என்று எடுக்கலாம். பாய்லருக்காக மட்டும் என்றால் எனக்கு மனம் ஒப்பவில்லை.

மாதச் சந்தா பிளான்களில் பலர் கவனிக்காத பிரிவு ஒன்று உண்டு. சில பிளான்கள் இன்ஷூரன்ஸ், சில வெறும் சர்வீஸ் ஒப்பந்தம். இன்ஷூரன்ஸ் என்றால் 2017 ஜூனிலிருந்து விலைக்குள் 12 சதவீத வரி இருக்கிறது. ஆனால் தகராறு வந்தால் நிதிப் புகார்களைத் தீர்க்கும் ஃபைனான்ஷியல் ஆம்புட்ஸ்மனிடம் காசில்லாமல் முறையிடலாம். சர்வீஸ் ஒப்பந்தத்துக்கு அந்தக் கதவு கிடையாது. ‘பாலிசி’ என்று பேச்சுவாக்கில் சொல்வதை நம்பாமல் ஆவணத்தின் முதல் பக்கத்தைப் பார்த்துவிடுங்கள். சேர்ந்த முதல் சில வாரங்களுக்குப் பழுது சொல்ல முடியாது என்பதும், மலிவான பிளானில் ஒவ்வொரு வருகைக்கும் 60 பவுண்டோ அதற்கு மேலோ எக்ஸஸ், அதாவது நம் கையிலிருந்து போகும் பங்கு, கட்ட வேண்டியிருக்கும் என்பதும் எல்லோருக்கும் தெரிந்ததே. எக்ஸஸ் அதிகமானால், சின்னப் பழுதுக்கு உள்ளூர் ஆளைக் கூப்பிடுவதும் அதுவும் ஒரே செலவு.

என் கதைக்கு வருகிறேன். 2018 பிப்ரவரி கடைசியில், ‘பீஸ்ட் ஃப்ரம் தி ஈஸ்ட்’ என்று பெயர் வைத்த அந்தக் குளிரில், பாய்லர் விடியற்காலை நின்றது. கவர் நிறுவனத்துக்குப் போன் செய்தேன். வரிசையில் நிற்கவைத்துப் பாட்டுப் போட்டார்கள். முக்கால் மணி நேரம் கழித்து, மூன்று நாள் ஆகும் என்று பதில் வந்தது. பக்கத்து வீட்டுக்காரர் வந்து பார்த்துவிட்டு, சுவரிலிருந்து வெளியே நீட்டிக்கொண்டிருந்த வெள்ளை பிளாஸ்டிக் குழாயைத் தட்டிக் காட்டினார். பாய்லர் கழித்துவிடும் தண்ணீர் அதற்குள் உறைந்து அடைத்திருந்தது. கொதிக்காத, கை பொறுக்கும் வெந்நீரை இரண்டு குவளை ஊற்றி, ரீசெட் பட்டனை அழுத்தினோம். ஓடியது.

அப்போதும் நான் கவரை விடவில்லை. 2020 ஜனவரியில்தான் புத்தி வந்தது. ஹீட்டிங் ஓடினால் மட்டும் குழாயில் சூடு, இல்லாவிட்டால் பச்சைத் தண்ணீர். சூட்டை ரேடியேட்டருக்கோ குழாய்க்கோ திருப்பிவிடும் டைவர்ட்டர் வால்வு போய்விட்டதற்கு இது பாடப்புத்தக அறிகுறி. சனிக்கிழமை சொன்னதற்குப் புதன்கிழமை ஆள் வந்தார். அதுவரை பிள்ளைகளுக்குக் கெட்டிலில் வெந்நீர் வைத்துக் குளியல். வந்தவர் ரேடியேட்டரிலிருந்து கொஞ்சம் தண்ணீரைக் கண்ணாடி டம்ளரில் பிடித்துக் காட்டினார். உள்ளே சேர்ந்த கறுப்புக் கசடால் பேனா மை மாதிரி இருந்தது. “ஸ்லட்ஜ். பவர்ஃபிளஷ் செய்து குழாய்களையெல்லாம் கழுவினால்தான் தொடுவோம், அது பிளானில் வராது” என்றார். ஆறு வருடமாக வருடம் ஒரு முறை சர்வீஸ் என்று வந்துபோன ஒருவர்கூட அந்தத் தண்ணீரைப் பார்க்கவில்லையா என்று கேட்டேன். தோளைக் குலுக்கினார். ஸ்லட்ஜ், சுண்ணாம்புப் படிவு இரண்டையும் விலக்கிவைப்பது இந்தத் தொழிலில் சகஜம் என்பது பிறகுதான் தெரிந்தது. லண்டன் தண்ணீர் எவ்வளவு கடினம் என்று கெட்டிலின் அடியைப் பார்த்தாலே தெரியும். இந்த ஊரில் அது சின்ன விலக்கு இல்லை.

அடுத்த மாதமே ஹீட்டிங்கும் சுடுதண்ணீரும் ஒன்றிலேயே தரும் புது காம்பி பாய்லர் போட்டோம். பத்து வருட வாரண்டி, உதிரிபாகமும் கூலியும் சேர்த்து. போட்ட அண்ணை ஈஸ்ட் ஹாமில் இருக்கும் யாழ்ப்பாணத்துக்காரர். மஞ்சள் கேஸ் சேஃப் அட்டையை நான் கேட்காமலே எடுத்துக் காட்டி, பின்பக்கத்தையும் திருப்பினார். எந்தெந்த வேலைக்குத் தகுதி என்பது அங்கேதான் இருக்கும். முன்பக்கத்துப் படத்தோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள்.

இந்த ஒப்பீட்டை எனக்கு முடித்துவைத்தது விலை இல்லை, சர்வீஸ் தேதி. தயாரிப்பாளர் வாரண்டி இரண்டு நூலில் தொங்குகிறது. போட்ட பிறகு, பொதுவாக 30 நாட்களுக்குள், பதிவு செய்ய வேண்டும். பிறகு வருடம் தவறாமல் அவர்கள் கையேட்டில் உள்ளபடி சர்வீஸ் செய்து, பெஞ்ச்மார்க் என்ற சர்வீஸ் பதிவுப் பக்கங்களில் தேதியும் கேஸ் சேஃப் எண்ணும் கையெழுத்தும் வாங்க வேண்டும். ஒரு வருடம் விட்டால் வாரண்டியே கேள்விக்குறி. மாதச் சந்தா பிளான்களிலும் ‘வருடாந்திர சர்வீஸ்’ உண்டுதான். ஆனால் பலவற்றில் அது ‘ஏறத்தாழ’ 12 மாதம். குளிர்காலத்தில் பழுது அழைப்புகள் குவிந்தால் முதலில் தள்ளிப்போவது சர்வீஸ்தான். வந்தாலும், புகைக்குழாயில் மீட்டரை வைத்து, அளவு சரியாக இருந்தால் பாய்லரின் மூடியைத் திறக்காமலே கிளம்புவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். பாதுகாப்புச் சோதனை என்ற அளவில் அது சரி. சர்வீஸ் என்று நான் சொல்ல மாட்டேன்.

ஸ்லவ்வில் இருக்கும் நண்பருக்கு நேர்ந்ததைக் கேளுங்கள். புது பாய்லர், ஏழு வருட வாரண்டி, அதற்கு மேல் ஒரு கவரும் எடுத்திருந்தார். கவர்க்காரர்கள் சர்வீஸை இழுத்தடித்து 15-வது மாதம் வந்தார்கள். பெஞ்ச்மார்க் பக்கத்தில் எதுவும் எழுதவில்லை. மூன்றாம் வருடம் சந்தா ஏறியதும், வாரண்டிதான் இருக்கிறதே என்று கவரை விட்டார். ஐந்தாம் வருடம் ஹீட் எக்ஸ்சேஞ்சர் ஒழுகியபோது தயாரிப்பாளர் முதலில் கேட்டது அந்தப் பக்கங்களைத்தான். முழுச் செலவும் அவர் தலையில். ஏற்கெனவே இருந்த வாரண்டிக்கு மேல் காசு கொடுத்து கவர் வாங்கப்போய், அந்த வாரண்டியையும் இழந்தார்.

எங்கள் வீட்டு அண்ணை வருவது பிப்ரவரி இரண்டாம் வாரம். மூடியைக் கழற்றுவார், பர்னரைப் பார்ப்பார், கண்டன்சேட் டிராப்பைக் கழுவுவார், எக்ஸ்பான்ஷன் வெஸலில் காற்றழுத்தம் பார்ப்பார். கடைசியாக மேக்னடிக் ஃபில்டரைத் திருகி வெளியே எடுப்பார். காந்தக் குச்சி முழுக்கக் கறுப்புக் களிம்பு, கண்மை குழைத்த மாதிரி. முதல் வருடம் அதைப் பழைய துணியில் துடைத்தபடி சொன்னார்: “பாருங்கோ தம்பி, இந்த ஊத்தையை எடுக்காமல் கையெழுத்து வைச்சால் அது சர்வீஸ் இல்லை.” ஒரு மணி நேரம் ஆகும். முதலில் 90 பவுண்டு வாங்கினார், இப்போது 110. 2023-ல் ஃபேன் போனது. தயாரிப்பாளரைக் கூப்பிட்டேன், பதிவுகளைப் பார்த்தார்கள், மறுநாள் ஆள் வந்து மாற்றிக் கொடுத்தார். செலவு பூஜ்யம்.

மாதம் 24 பவுண்டு என்றால் வருடத்துக்கு 288. சர்வீஸ் போக மிச்சம் 178-ஐ ஒரு தனிச் சேமிப்புக் கணக்கில் போடுகிறேன். வாரண்டி 2030-ல் முடியும்போது அதில் 1,700 பவுண்டாவது இருக்க வேண்டும். புது பாய்லரின் விலையில் பெரும்பகுதி அது. கவர் பிளானில் ‘பழுது பார்ப்பது கட்டுப்படியாகாது’ என்று கைவிரித்தால், புதிதுக்குப் பலவற்றில் சின்னத் தொகையோ தள்ளுபடியோதான் கிடைக்கும், சிலவற்றில் அதுவும் இல்லை.

இந்த வழியிலும் ஓட்டை உண்டு. அண்ணை ஊருக்குப் போய்விட்டால்? ஒரு டிசம்பரில் நல்லூருக்குப் போயிருந்தார், நல்லவேளை எதுவும் உடையவில்லை. அப்புறம், வாரண்டியில் வருவது பாய்லர் மட்டும். ரேடியேட்டர், தெர்மோஸ்டாட், சுவருக்குள் ஓடும் குழாய் எல்லாம் உங்கள் கணக்கு. வாரண்டி முடிந்து எட்டு, பத்து வயதான பாய்லரோடு வீடு வாங்கியவர், கையிருப்பும் இல்லாதவர் என்றால் நான் அடித்துப் பேச மாட்டேன். சர்க்யூட் போர்டு ஒன்று போனாலே சில நூறு பவுண்டு. அவர்களுக்கு முதல் ஒன்றிரண்டு வருடம் மாதச் சந்தா நியாயமாகவே இருக்கலாம். ஆனால் சேருவதற்கு முன்பே ஓர் எஞ்சினியரைக் கொண்டு ரேடியேட்டர் தண்ணீரின் நிறத்தைப் பார்த்துவிட வேண்டும்.

வெம்ப்ளியில் தனியாக இருக்கும் என் அத்தைக்கு நானே கவர் எடுத்துக் கொடுத்திருக்கிறேன். எக்ஸஸ் இல்லாத பிளான், விலை கூடுதல்தான். 78 வயதில் எஞ்சினியர் தேடச் சொல்ல முடியாது, ஒரே ஒரு எண் ஃபிரிட்ஜில் ஒட்டியிருந்தால் போதும். போன டிசம்பரில் ஒரு முறை கூப்பிட்டார். பிரஷர் ஒரு பாருக்குக் கீழே இறங்கியிருக்கிறது, வந்தவர் தண்ணீர் ஏற்றும் ஃபில்லிங் லூப்பைத் திருகி ஏற்றிவிட்டு ஐந்து நிமிடத்தில் கிளம்பிவிட்டார். அன்றிரவு அத்தை போன் செய்து, வந்த பையன் ஒரு வாய் டீகூடக் குடிக்காமல் போய்விட்டான் என்று குறைப்பட்டுக்கொண்டார்.