85,000 ரூவா குடுத்து பொய் கிராஃப் வாங்கின கதை, ஜிபியு (கிராஃபிக்ஸ் கார்டு) சர்வர் வச்சிருக்கவங்க கட்டாயம் வாசிங்க

நேத்து ராத்திரி தான் விஷயம் வெளிய வந்துச்சு, இன்னும் கண்ணு மூடல, எழுத்துப்பிழை இருந்தா மன்னிச்சுக்கங்க. 85,000 ரூவா போச்சு, கார்டு ஒன்னும் போற நெலமைல கெடக்கு.

நான் ஹட்டன்ல சின்னதா ரெண்டரிங் வேலை செய்றேன், அதாவது பிளான நெஜப் படம் மாதிரி கம்ப்யூட்டர்ல ஆக்குறது. கொழும்புல வீட்டு பிளான் போடுறவங்க ஃபைல் அனுப்புவாங்க, ராத்திரி முழுக்க பிளெண்டர்ங்கிற சாஃப்ட்வேர்ல ஓடவிட்டு விடியக்காலைல படமா அனுப்பணும். செகண்ட் ஹேண்ட்ல வாங்கின ஆர்டிஎக்ஸ் 3090 கார்டு ரெண்டு, ஒன்னொன்னும் 350 வாட் இழுக்கும். "இந்தக் குளிருக்கு உன் மெஷின் எப்படிடா சூடாகும்"னு ஊர்ல கேக்காத ஆள் இல்ல. வெளிய பனி கொட்டினாலும் பொட்டிக்குள்ள அடுப்பு தான் அது. கடை டவுன்ல, வீடு தேயிலைத் தோட்டத்துல, ராத்திரில அங்க ஈ காக்கா கிடையாது. அதனால சூடு எவ்வளவு, பவர் எவ்வளவுன்னு போன்ல பாக்கணும், 80 டிகிரி தாண்டினா டெலிகிராம்ல மெசேஜ் வரணும், நான் கேட்டது இவ்வளவு தான்.

ஆன்லைன்ல வேலைக்கு ஆள் புடிக்கிற சைட் ஒன்னுல தேடினேன், பேர் சொல்ல விரும்பல. அதுல ஒரு பய தமிழ்லயே பதில் போட்டான். வீடியோ கால் எடுத்தா பின்னால தகரத்துல மழை பேயுற சத்தம், "அண்ணே நாங்களும் லயத்து ஆளுங்க தான், அம்மா இன்னைக்கும் மலைக்குப் போயிருக்காங்க"ன்னான். லயம்னா தோட்டத்து லைன் வீடு, மலைக்குப் போறதுன்னா கொழுந்து எடுக்கப் போறது. அங்க தான் விழுந்தேன். எங்கம்மா பிளேன்டீ கொண்டாந்து வச்சவங்க அதைக் கேட்டுட்டு "நம்ம புள்ளைக்கே குடுடா, அதுவும் பொழைக்கட்டும்"னு சொல்லிட்டுப் போனாங்க. அம்மாவ குத்தம் சொல்லல, ஆனா அந்த ஒரு வார்த்தைக்கு அப்புறம் நான் எதையுமே சரி பாக்கல.

கணக்கு இப்படி: வேலைக்கு 50,000, நம்பரெல்லாம் சேத்து வைக்கிற சாஃப்ட்வேருக்கு "புரொமீதியஸ் லைசென்ஸ்" 18,000, ஒரு வருஷ கிளவுட் சர்வருக்கு 17,000. மொத்தம் 85,000. சைட் வழியா கட்டினா கமிஷன் வெட்டுவாங்க, நேரா பேங்க்ல போடுங்கன்னான், போட்டேன், ஸ்லிப்ப ஃபோட்டோ எடுத்து அனுப்பினேன். புரொமீதியஸ் ஓசி! அதைக் கோடா வரைஞ்சு காட்டுற கிராஃபானாவும் ஓசி! கார்டுலருந்து நம்பர எடுக்க கார்டு கம்பெனி என்விடியா குடுக்குற டிசிஜிஎம் எக்ஸ்போர்ட்டரும் ஓசி! இது எனக்கு நேத்து தான் தெரியும். வயிறு எரியுது.

ரெண்டு நாள்ல டாஷ்போர்ட் வந்துச்சு. கருப்பு ஸ்கிரீன்ல பச்சைக் கோடு ஓடுது, பாக்க ஆஸ்பத்திரி மெஷின் மாதிரி இருந்துச்சு. அவன் ஸ்கிரீன் ஷேர் பண்ணிட்டு "இப்ப ஒரு ரெண்டர் போடுங்கண்ணே"ன்னான், போட்டேன், ரிஃப்ரெஷ் பண்ணான், கோடு 61லருந்து 69க்கு ஏறிடுச்சு. "பாத்தீங்களா ஏறுது!" நானும் வாயப் பொளந்துட்டு பாத்தேன். அது தற்செயலா ஏறினது, அந்த நேரம் எறங்கியிருந்தா கையோட புடிச்சிருப்பேன்.

மூனு வாரம் ஓடுச்சு. ஒரு ராத்திரி காத்துல மரம் விழுந்து கரண்ட் போச்சு, எங்க யுபிஎஸ் இருபது நிமிஷம் கூடத் தாங்காது. லயத்துல மெழுகுவத்திய வச்சிக்கிட்டு போனைத் திறந்தா கார்டு 64 டிகிரின்னு காட்டுது, கோடு நகருது. செத்துப்போன சர்வருக்கு எங்கருந்துடா 64? கேட்டா "அது கேஷ் அண்ணே, பழைய டேட்டா காட்டும், கரண்ட் வந்தா சரியாகும்"னு வாய்ஸ் நோட். நம்பிட்டேன்.

அப்புறம் ரெண்டர் எல்லாம் லேட். ஆறு மணி நேர வேலை பத்து மணி நேரம் இழுக்குது. கேட்டா "டிரைவர் அப்டேட்", அடுத்த நாள் "பிளெண்டர் வெர்ஷன்", அதுக்கடுத்த நாள் "அண்ணே கோயில் திருவிழா, நாளைக்கு பேசுவோம்". அதோட வாட்ஸ்அப்ல ஒரே டிக். சைட்டுக்கு எழுதினா "சல்லி வெளிய கட்டினதால எங்களால ஒன்னும் செய்ய முடியாது, உங்க பொறுமைக்கு நன்றி"ன்னு ரெடிமேட் பதில். திருப்பி எழுதினா அதே பதில், கமா கூட மாறல.

நேத்து பேராதனை கெம்பஸ்ல படிக்கிற சித்தப்பா மகன் லீவுல வந்தான். சர்வர்ல என்விடியா-எஸ்எம்ஐன்னு, கார்டோட நெஜ நெலமைய காட்டுற கமாண்ட் அடிச்சான். ரெண்டாவது கார்டு 84 டிகிரி, கிளாக், அதாவது கார்டோட வேகம், பாதாளத்துக்குப் போயிருக்கு, காரணம் பாத்தா தெர்மல் ஸ்லோடவுன் ஆக்டிவ், சூடு தாங்காம கார்டே வேகத்தக் கொறச்சிருக்கு. ஒரு ஃபேன் சுத்தவே இல்ல. அதே நேரம் என் போன்ல 63. யூட்டிலைசேஷன் மட்டும் 100 சதவீதம், நான் அதைப் பாத்து நல்லா ஓடுதுன்னு நெனச்சிட்டிருந்தேன், ஏதாவது ஒரு வேலை ஓடிட்டே இருந்தா அது 100 காட்டும், வேகமா ஓடுதான்னு அது சொல்லாதுங்கிறான் தம்பி. எக்ஸ்போர்ட்டர் 9400 போர்ட்ல இருக்கணுமாம், ஒன்னுமே இல்ல. கிராஃபானாவுக்குள்ள போக அட்மின் பாஸ்வேர்ட் வேணும், "அட்மின்"னே அடிச்சுப் பாத்தான், திறந்துடுச்சு! உள்ள டேட்டா சோர்ஸ் பாத்தா டெஸ்ட்டேட்டா. பழகிப் பாக்குறதுக்குன்னு கிராஃபானாவோடயே வர்ற பொய் டேட்டா அது. ரேண்டம் வாக், அதாவது சும்மா ஏறி எறங்குற நம்பர், கொறஞ்சது 58, கூடினது 71. அதான் 80 தாண்டவே இல்ல, அதான் ஒரு மெசேஜும் வரல.

தம்பி சிரிச்சுட்டான். எனக்கு சிரிப்பு வரல. எங்கம்மா காலமெல்லாம் கொழுந்து எடுத்தவங்க, 2024ல கூட்டின 1,350 ரூவா நாள் சம்பளக் கணக்குல பாத்தா 85,000ங்கிறது 63 பேர், அதாவது 63 நாள் சம்பளம். மழைல அரைப்பேர் போட்ட நாளெல்லாம் கணக்கெடுத்தா இன்னும் கூட. அவங்ககிட்ட இன்னும் சொல்லல.

வெவரமா எப்படி செட் பண்றதுன்னு எழுதத்தான் உக்காந்தேன், முடியல, அவசரத்துக்கு இதையாவது பாருங்க. நேத்தைய கிராஃபத் திறந்து ரெண்டு தடவ ரிஃப்ரெஷ் பண்ணுங்க, நேத்து நடந்தது மாறக் கூடாது, மாறினா பொய். பக்கத்துல என்விடியா-எஸ்எம்ஐ ஓடவிட்டு நம்பர் ஒத்துப்போகுதான்னு பாருங்க. அலர்ட்ட 80க்கு பதிலா 40ல வச்சு மெசேஜ் வருதான்னு பாத்துட்டு தான் மிச்ச சல்லி. சைட்டுக்கு வெளிய ஒரு ரூவா கட்டாதீங்க. வேலை முடிஞ்சதும் அவன் லாகினையும் சர்வருக்குள்ள நுழையுற எஸ்எஸ்எச் கீயையும் தூக்கிருங்க, நான் ராத்திரி ரெண்டு மணிக்கு தான் தூக்கினேன், அது வரைக்கும் என்ன பாத்தானோ.

பொலிஸ்ல என்ட்ரி போட்டாச்சு. ஃபேன் கண்டில இருக்குன்னாங்க, பஸ்ஸுக்கு நேரமாச்சு, கமெண்ட்ல கேளுங்க, ராத்திரி வந்து பதில் போடுறேன்.