ஷீல்டு கேபிளா, இடைவெளியா?

டர்பன், சாட்ஸ்வொர்த்தில் எங்கள் மரப்பட்டறை சிஎன்சி ரவுட்டரில் (கணினி சொல்படி மரம் செதுக்கும் இயந்திரம்) ஸ்பிண்டில், அதாவது வெட்டும் மோட்டார், ஓடினாலே, நகர்வின் எல்லையை உணரும் லிமிட் சுவிட்ச் தொடாமலே தொட்டதாகக் காட்டும். காரணம் விஎஃப்டி, அதாவது மோட்டாரின் வேகத்தை மாற்றும் கருவி. அது மோட்டாருக்குத் தருவது, நொடிக்குப் பல ஆயிரம் முறை வெட்டி வெட்டி அனுப்பும் மின்னழுத்தம். அந்த வெட்டுதான் பக்கத்துக் கம்பியில் இரைச்சலாக ஏறுகிறது.

சுவிட்சிலிருந்து வரும் சிக்னல் கம்பிகளை ஜோடியாக முறுக்கி, மோட்டார் கேபிளிலிருந்து ஓர் அடி தள்ளி ஓட்டுவது அதிகச் செலவில்லாத வழி. குறுக்கே போனால் 90 பாகையில் கடக்கவிடுங்கள். சரி, இரண்டும் ஒரே கேபிள் சங்கிலிக்குள் (நகரும் கேபிள்களைத் தாங்கும் மடிப்புப் பாதை) போனால் இடைவெளிக்கு எங்கே போவது?

அங்கே ஷீல்டு கேபிள்தான், அதாவது கம்பிகளைச் சுற்றி உலோக உறை உள்ள கேபிள். முதலில் மோட்டாருக்குப் போடுங்கள். இரைச்சல் கிளம்பும் வழி அது. ஷீல்டை இரு முனையிலும் அகலமான கிளாம்பால் எர்த்தில் பிடியுங்கள். வால் போல முறுக்கி நீளமாகக் கட்டினால் பயன் குறைந்துவிடும். லிமிட் சுவிட்ச் கேபிளின் ஷீல்டை நான் கண்ட்ரோல் பெட்டி முனையில் மட்டும் எர்த் செய்கிறேன்.