ஜாங்கோ அட்மினில் ஜாவாஸ்கிரிப்ட்: இடம் உண்டு, ஆனால் அளவோடு

பைத்தான் மொழியில் வலைத்தளம் கட்ட உதவும் ஜாங்கோவில் ஒரு மாடலை, அதாவது தரவின் அமைப்பை, எழுதி, அதனுடன் வரும் நிர்வாகத் தளமான அட்மினில் பதிவு செய்துவிட்டால், பட்டியலும், சேர்க்கவும் திருத்தவும் நீக்கவும் உதவும் படிவங்களும் உடனே கிடைத்துவிடுகின்றன. அந்த வசதியைப் பாராட்ட இனிப் புதிய சொற்கள் தேவையில்லை. சோதனை தொடங்குவது அதற்குப் பிறகுதான். "வாடிக்கையாளர் வகையில் 'நிறுவனம்' என்று தேர்ந்தெடுத்தால் மட்டும் வரி எண் கேட்கும் கட்டம் தெரிய வேண்டும்" என்று பயன்படுத்துபவர் ஒருவர் கேட்பார். பக்கம் உலாவிக்கு வந்து சேர்ந்த பிறகு நடக்க வேண்டிய மாற்றம் என்பதால், பைத்தானில் மட்டும் எழுதி இதை முடிக்க முடியாது; உலாவியில் ஓடும் ஜாவாஸ்கிரிப்ட் வேண்டும். இத்தகைய வேலைகளுக்கு அட்மின் எவ்வளவு இடம் கொடுக்கிறது என்பதையே இங்கே மதிப்பிடுகிறேன்.

நுழைவாயில் எளிமையானது. ஒரு மாடல் அட்மினில் எப்படித் தோன்ற வேண்டும் என்று சொல்லும் மாடல்அட்மின் கிளாஸுக்குள் 'மீடியா' என்ற உள்கிளாஸ் ஒன்றை எழுதி, அதில் ஸ்கிரிப்ட் கோப்பின் பெயரைக் குறிப்பிட்டால், அந்த மாடலின் பக்கங்களில் மட்டும் அது ஏற்றப்படும். பக்கத்தின் எச்டிஎம்எல் வார்ப்புருவான டெம்ப்ளேட்டை மேலெழுதும் வழியும் உண்டு. ஆனால் அதைக் கடைசியாகவே நாட வேண்டும் என்பது என் கருத்து. ஜாங்கோவின் 5.2 பதிப்பில் வந்த 'ஸ்கிரிப்ட்' பொருளைக் கொண்டு கோப்பை மாட்யூலாக ஏற்றுவது போன்ற பண்புகளையும் மீடியாவிலேயே சொல்லிவிடலாம் என்பதால், அதற்கான தேவை மேலும் குறைந்திருக்கிறது.

ஜேக்வெரி என்ற ஜாவாஸ்கிரிப்ட் நூலகத்தைப் பொறுத்தவரை ஒரு சிறு எச்சரிக்கை. அட்மின் தன்னுடைய பிரதியைத் தனிப் பெயரில், 'ஜாங்கோ டாட் ஜேக்வெரி' என்று ஒதுக்கி வைத்துக்கொள்கிறது. ஜேக்வெரியை அழைக்கும் வழக்கமான டாலர் குறி அங்கே வேலை செய்யாது. 2.2 பதிப்பிலிருந்து மீடியா கோப்புகளின் வரிசை, சார்புகளைப் பார்த்து அமைக்கப்படுவதால், அட்மினின் ஜேக்வெரி தொடக்கக் கோப்பையும் நம் பட்டியலில் முதலில் எழுதிவிடுவதே பாதுகாப்பு. எழுதாவிட்டால் ஒரு பக்கத்தில் ஓடும் ஸ்கிரிப்ட் இன்னொரு பக்கத்தில் பிழை காட்டி நிற்கக்கூடும்.

கட்டத்தை மறைக்கும் வேலைக்கு வருவோம். ஒவ்வொரு கட்டத்தையும் சுற்றியுள்ள வரிக்கு, 'ஃபீல்டு' என்ற முன்னொட்டுடன் கட்டத்தின் பெயரைச் சேர்த்து ஒரு சிஎஸ்எஸ் கிளாஸ் தரப்படுகிறது. அதைப் பிடித்து மறைத்தால் போதும் என்றுதான் தோன்றும். ஆனால் இரண்டு கட்டங்களை ஒரே வரியில் வைத்திருந்தால், அந்த வரி இரண்டின் கிளாஸையும் சுமக்கிறது. ஒன்றை மறைக்கப் போய் இரண்டும் மறைந்துவிடும். இதைவிடத் தொல்லையானது வேறொன்று. அட்மின் படிவத்தில் உலாவியின் சொந்தச் சரிபார்ப்பு அணைக்கப்பட்டிருப்பதால், கட்டாயமான கட்டம் மறைந்திருந்தாலும் படிவம் சர்வருக்குச் சென்றுவிடுகிறது. அங்கிருந்து திரும்பி வரும்போது, கீழே உள்ள பிழையைத் திருத்தும்படி மேலே சிவப்பில் ஓர் அறிவிப்பு இருக்கும். பிழையோ மறைக்கப்பட்ட வரிக்குள் ஒளிந்திருக்கும். பயனர் திரையை மேலும் கீழும் உருட்டிக்கொண்டே இருப்பார். எனவே, எந்தக் கட்டம் எப்போது கட்டாயம் என்ற விதியைப் சர்வரில் தரவைச் சரிபார்க்கும், படிவத்தின் 'கிளீன்' முறையில் முதலில் எழுதிவிட்டு, பிழைச் செய்தி உள்ள வரியை ஒருபோதும் மறைக்காதபடி ஸ்கிரிப்டை எழுத வேண்டும்.

ஒரு மாடலின் படிவத்துக்குள்ளேயே தொடர்புடைய இன்னொரு மாடலின் பதிவுகளை நிரப்பும் இன்லைன் வரிசைகளில்தான் அட்மினின் உள்ளமைப்பு உண்மையில் வெளிப்படுகிறது. 'இன்னொன்று சேர்' என்பதைச் சொடுக்கியதும், பக்கத்தில் கண்ணுக்குத் தெரியாமல் வைத்திருக்கும் ஒரு வெற்றுப் படிவம் நகலெடுக்கப்பட்டு, அதன் முன்னொட்டுக்குப் பதிலாக எண் இடப்படுகிறது. பக்கம் ஏறும்போது ஒருமுறை ஓடி முடிந்த நம் ஸ்கிரிப்ட் அந்தப் புதிய வரிசையை அறியாது. அதற்காகவே வரிசை சேரும்போதும் நீங்கும்போதும் 'ஃபார்ம்செட் ஆடட்', 'ஃபார்ம்செட் ரிமூவ்டு' என்ற நிகழ்வுகள் எழுப்பப்படுகின்றன. இவை 4.1 பதிப்பிலிருந்து ஜேக்வெரி நிகழ்வுகளாக இல்லாமல் உலாவியின் இயல்பான நிகழ்வுகளாகிவிட்டன. வரிசையை இரண்டாவது அளபுருவாக எதிர்பார்க்கும் பழைய ஸ்கிரிப்டுகளுக்கு இப்போது அந்த இடத்தில் எதுவும் வராது. நல்ல மாற்றம்தான், இருந்தாலும் பதிப்பை உயர்த்துவதற்கு முன் பழைய கோப்புகளில் இந்தப் பெயர்களைத் தேடிப் பார்த்துவிடுவது நல்லது. அந்த வெற்றுப் படிவமும் பக்கத்தில் இருக்கிறது என்பதை மறந்து, எல்லா வரிசைகளிலும் உள்ள 'எண்ணிக்கை' கட்டத்தைக் கூட்டும் ஸ்கிரிப்ட் ஒன்றை நான் எழுதினேன். அந்தக் கட்டத்தின் இயல்பு மதிப்பு 1 என்பதால் மொத்தம் எப்போதும் ஒன்று கூடுதலாகவே வந்தது. குறை அட்மினுடையது அன்று, என்னுடையதே. சேமிக்காத வரிசையை நீக்கினால் மீதமுள்ளவற்றின் எண்கள் மாறிவிடும் என்பதால், எண் அடங்கிய கட்டத்தின் ஐடியை நினைவில் வைத்திருந்து பயன்படுத்துவதும் தவறாகவே முடியும்.

தானியங்கி நிரப்புக் கட்டங்கள் செலக்ட்2 நூலகத்தைச் சார்ந்தவை. அது மாற்ற நிகழ்வை ஜேக்வெரி வழியாகவே எழுப்புகிறது. நிகழ்வுக்காகக் காத்திருக்கும் உலாவியின் இயல்பான கேட்பானை எவ்வளவு ஒழுங்காக இணைத்தாலும் தேர்வு மாறியது அதற்கு எட்டாது. இங்கே மட்டும் 'ஜாங்கோ டாட் ஜேக்வெரி' கொண்டுதான் கேட்க வேண்டும். இன்லைனில் இயல்பான நிகழ்வு, செலக்ட்2வில் ஜேக்வெரி நிகழ்வு என்று ஒரே படிவத்தில் இரண்டு வழக்கங்கள் இருப்பது எனக்கு உவப்பாக இல்லை. இடமும் வலமுமாக இரண்டு பெட்டிகள் கொண்ட பலதேர்வுக் கட்டம் இன்னும் பிடிவாதமானது: தன் தேர்வுகளை உள்ளே தனியாகச் சேமித்து வைத்துக்கொள்வதால், நாம் நேரடியாகச் சேர்க்கும் தேர்வு, பயனர் தேடல் பெட்டியில் எதையேனும் தட்டச்சு செய்ததும் காணாமல் போய்விடும்.

ஒரு கட்டத்தின் தேர்வுக்கேற்ப இன்னொன்றை நிரப்ப சர்வரிடம் கேட்க வேண்டியிருந்தால், வழி நேர்த்தியாகவே இருக்கிறது. மாடல்அட்மினின் யூஆர்எல் பட்டியலில் ஒரு முகவரியைச் சேர்த்து, அந்த முகவரிக்கு வரும் கோரிக்கைக்குப் பதில் தரும் வியூவை 'அட்மின் வியூ' என்ற உறைக்குள் வைத்தால், அட்மினில் உள்நுழைய உரிமை உள்ளவர்களுக்கு மட்டுமே அது திறக்கும். குறிப்பிட்ட மாடலைப் பார்க்கும் அனுமதியைத் தனியே சோதிக்க வேண்டியது நம் பொறுப்பு.

அட்மின் உள்ளகப் பயன்பாட்டுக்கான கருவி. முழு முகப்பையும் அதன் மேல் கட்ட வேண்டாம் என்று ஜாங்கோவின் ஆவணமே சொல்கிறது. 2005இல் பொதுவெளிக்கு வந்த இந்தக் கட்டமைப்பு ஒரு செய்தித்தாள் அலுவலகத்தில் உருவானது; ஆசிரியர் குழு படிவத்தை நிரப்பிச் சேமிக்கும் வழக்கம் இன்றும் அதன் எலும்பில் இருக்கிறது. மறைத்தல், காட்டுதல், கூட்டுதல், நிரப்புதல் ஆகிய நான்குக்கும் தயங்காமல் பரிந்துரைப்பேன். பயனர் வரிசைகளை இழுத்து நகர்த்த வேண்டும், படிநிலைகளாகப் படிவம் பிரிய வேண்டும் என்று கேட்கத் தொடங்கினால், அட்மின் படிவத்தோடு மல்லுக்கு நிற்காமல், அதே யூஆர்எல் பட்டியலில் தனித் திரை ஒன்றை எழுதிச் சேர்த்துவிடுவேன்.